விரிசலாரும் ஐந்தாவது மன்றாட்டும்

அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மக்களிடையே அவருக்கு விரிசலார் என்று பெயர். முகத்துக்கு நேரே ‘அண்ணே’ என்பார்கள்; அவர் தலை மறைந்ததும் விரிசலார்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்படவில்லை, ஏனென்றால் அந்தப் பெயரில் அவருடைய தொழில் இருந்தது.

பாட்டில் கம்பெனியில் அவருக்கு விரிசல் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வெந்து ஆறி வரும் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகரும். பின்னால் வெள்ளை விளக்குப் பலகை. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அடியில் ஒரு காற்றுக்குமிழ், கழுத்தில் தலைமுடி போல ஒரு கீறல், ஓரத்தில் சில்லு பெயர்ந்த ஓர் இடம். எது இருந்தாலும் கை தானாகப் போய் அந்தப் பாட்டிலைத் தூக்கிவிடும். இளவயதில் ஏறிய ஸ்டூல் அது. வருஷக்கணக்கில் அப்படியே பார்த்துப் பார்த்து, கண் வேறு எப்படியும் பார்க்க மறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், டம்ளரை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குடிப்பாராம். அந்த அம்மா சாகும்வரை அதை மன்னிக்கவில்லை.

இப்படி ஒரு கண் இருப்பவரைப் பங்கு சும்மா விடுமா? கோயிலில் ஓர் உதவிக் குழு உண்டு. கஷ்டப்படுகிற குடும்பம் என்று தகவல் வந்தால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவார்கள். உண்மை என்றால் அரிசி, பருப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம் என்று குழு செய்யும். போய்ப் பார்க்கிற இரண்டு பேரில் ஒருவர் விரிசலார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. நர்ஸம்மா முன்னறையில் உட்கார்ந்து சுகம் விசாரிப்பார். விரிசலார் “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று சமையலறை வரை போவார். கேஸ் அடுப்பு பளபளப்பாக இருந்தால் ஒரு கேள்வி, மங்கலாக இருந்தால் வேறு கேள்வி. பேச்சுக்கிடையே அரிசி டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார்.

“இருக்கிறவன் இல்லைன்னு கை நீட்டினா, இல்லாதவன் எங்க போவான்?” என்பார். ஒருமுறை ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில், குழு கொடுத்த அரிசிப் பைகள் பிரிக்காமலேயே கடைக்குப் போகத் தயாராக அடுக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவர் சொல்லுக்குக் குழுவில் மறுபேச்சு கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு வேலை போய்விட்டது.

கம்பெனியில் காமிரா வைத்த மெஷின் ஒன்றை இறக்கினார்கள். அது சாப்பிடுவதில்லை, ஒன்றுக்குப் போவதில்லை, கண் கூசுகிறது என்று சொல்வதில்லை. மேனேஜர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கை குலுக்கி அனுப்பிவிட்டார். பிறகு விரிசலார் ஏறாத கம்பெனி இல்லை. வாட்ச்மேன் வேலைக்குக்கூட “வயசு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே” என்றார்கள்.

பட்டினி வந்துவிடும் என்பது அவருடைய பெரிய பயமாக இருக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் குழு தன் வீட்டுக்கு வரும் என்பதுதான் பயம். நர்ஸம்மாவும் வேறொருவரும் முன்னறையில் உட்காருவார்கள். அந்த வேறொருவர் தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வருவார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் விரிசலார்தான். அதனால் வெளியில் யார் கேட்டாலும் “ஷிஃப்ட் மாத்திட்டாங்க” என்று ஒரு பொய்யைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனைவி. இன்னொருவர் கடவுள். கடவுளுக்கு, பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், பங்குச் சாமியார் வழியாகச் சொன்னார். அவர் இளவயதுச் சாமியார். இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “வேலை போனதை மறைச்சுப் பொய் சொல்லிட்டுத் திரியுறேன் சாமி” என்று பாவசங்கீர்த்தனப் பெட்டியின் மரச்சட்டத்தின் வழியாகச் சொன்னபோது, உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அங்கே சொன்னது அங்கேயே புதைந்துவிட வேண்டும். கழுத்தை அறுத்தாலும் சாமியார் அதை வெளியே சொல்லக் கூடாது. கேட்டதாக ஞாபகம் இருக்கிறது என்று கண்ணால்கூடக் காட்டக் கூடாது. அது திருச்சபையின் சட்டம்.

அடுத்த ஞாயிறு. திருப்பலியில் பிரசங்கம் முடிந்து விசுவாசிகள் மன்றாட்டு. உபதேசியார் மைக் முன்னால் வந்து நின்றார். கோயில் வேலை, மறைக்கல்வி வகுப்பு, மன்றாட்டு எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. திருத்தந்தையான போப்பாண்டவருக்காக ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக என்று நான்கு போயிற்று. ஐந்தாவதாக உபதேசியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தார்.

“வேலையை இழந்து, அதை வெளியே சொல்ல முடியாமல் மனதுக்குள்ளேயே வைத்துத் தவிக்கும் நம் பங்கின் ஒரு குடும்பத்துக்காக மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று கோயில் முழுக்கச் சொன்னது. விரிசலார் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

“யார்கிட்ட சொன்னே?”

“எதை?”

“தெரியாத மாதிரி நடிக்காதே. மன்றாட்டுல வந்துச்சே.”

“அட, அதுவா! நான் சொல்றதா இருந்தா அஞ்சாவது வரைக்கும் ஏங்க காத்திருக்கணும்? முதல்லயே போடச் சொல்லியிருப்பேன், திருத்தந்தைக்கு முன்னாடி.”

“விளையாடாதே. உன் அக்காகிட்ட ஏதாவது உளறினியா?”

“என் அக்காகிட்ட சொன்னா மன்றாட்டுல வராதுங்க, ஊர்வலமாவே வந்துரும். போய்க் கை கழுவிட்டு வாங்க.”

மனைவி இல்லை என்று அவர் மனம் ஒப்புக்கொண்டது, ஆனால் முழுதாக இல்லை. அன்று சாயங்காலம் அவள் போனில் பேசும்போதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். வெங்காய விலையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில், நாற்காலி அடுக்குகிற சாக்கில் கோயிலுக்குப் போனார். பீடத்துக்குப் பின்னால் உடுப்பு அறையில் உபதேசியார் சாமியாரின் அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“மன்றாட்டெல்லாம் உருக்கமா இருந்துச்சே உபதேசியாரே. எங்கிருந்து பிடிக்கிறீங்க?”

உபதேசியாருக்குப் புகழ்ச்சி என்றால் சர்க்கரைக் கட்டி. “நம்ம கையில என்னண்ணே இருக்கு! ஜெபம் பண்ணிட்டுப் பேனாவை எடுத்தா தானா வரும்.”

“அந்த அஞ்சாவது...”

“அதுவா? அது சாமி சொன்னது. பொத்தாம் பொதுவா எழுதாதீங்க, ஒரு மனுஷனை மனசுல வச்சு எழுதுங்கன்னு சாமிதான் சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

விரிசலாருக்கு வெள்ளை விளக்குப் பலகைக்கு எதிரே ஒரு பாட்டிலைப் பிடித்த மாதிரி இருந்தது. கழுத்தில் அதோ அந்தக் கீறல். சாமி சொன்னது! ஒரு மனுஷனை மனசில் வைத்து!

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. கோயில் வாசலில் சாமியார் அவர் தோளில் கை வைத்து “நல்லா இருக்கீங்களா?” என்றார். எல்லோரிடமும்தான் கேட்பார், ஆனால் இந்தத் தடவை அந்தக் கை ஒரு நொடி கூடுதலாகத் தங்கியது. நர்ஸம்மா டீ போட்டுக் கொடுத்தபோது, கேட்காமலேயே பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். ஏன் தள்ள வேண்டும்? மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம்தான்.

கடைசியில் நேராகவே சாமியாரின் அறைக்குப் போய் நின்றார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்குச் சொன்னது, அந்த மன்றாட்டு...”

சாமியாரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. “அண்ணே, நீங்க பாவசங்கீர்த்தனத்துல ஏதாவது சொல்லியிருந்தா, அதைப் பத்தி ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டாலும் நான் பேசக் கூடாது. வேற ஏதாவது பேசுவோமா?”

சட்டத்தை மதிக்கிற சாமியார் வேறு எப்படியும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் விரிசலாருக்கு அது குற்றவாளியின் பதிலாகவே கேட்டது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லையே!

மனம் கொதித்துக்கொண்டே வந்தார். வாசலில் நர்ஸம்மா எதிர்ப்பட்டார். “என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. பெட்டிக்குள்ள சொல்றது பெட்டிக்குள்ளயே இருக்கும்னு மட்டும் இனிமே நம்பாதீங்க.”

சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். நர்ஸம்மா அதை ஒருவரிடம், ரகசியம் என்று சொல்லித்தான் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தச் சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனத்துக்கு வழக்கமாக நிற்கிற வரிசை இல்லை. விரிசலார் நாற்காலி போட வந்தபோது, பெட்டியின் திரைக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்தது. சாமியார் ஊதா நிறப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். யாராவது வரும் சத்தம் கேட்டால் நிமிர்வார். காலடி வேறு பக்கமாகப் போய்விடும். மறுபடி தலையைக் குனிந்துகொள்வார். விரிசலாருக்கு முதலில் ‘நல்லா வேணும்’ என்றுதான் இருந்தது. நாற்காலிகளைப் போட்டு முடித்தபோது அது இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் முற்றத்தில் வெடித்தது.

வெடித்தது தையலக்கா. கோயிலுக்கு எதிர்ச் சந்தில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். புருஷன் ஒரு கடைக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தகவலின்பேரில் விரிசலாரும் நர்ஸம்மாவும் அவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அரிசி டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. “இங்க தேவை இல்லை” என்று விரிசலார் குழுவில் சொல்லிவிட்டார். அந்தத் தையலக்காதான் இப்போது சாமியார் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, நான் மரியாதையாவே கேக்குறேன். என் புருஷனுக்கு வேலை போனதை நான் ஒரே ஒரு இடத்துலதான் சொன்னேன். அது எப்படி மைக்குக்கு வந்துச்சு?”

சாமியார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா, பேச முடியல! பிஷப்புகிட்டயே போய்க் கேக்குறேன். இப்படி ஒருத்தர் அந்தப் பெட்டியில உக்காரலாமான்னு கேக்குறேன்.”

உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். “அம்மா, அம்மா, சாமியை விடுங்க. அதை எழுதினது நான்.”

“யாரைப் பத்தி எழுதினீங்க?”

“யாரைப் பத்தியும் இல்லைம்மா. நாலு எழுதிட்டேன், அஞ்சாவது வரவே இல்ல. பேப்பர்ல எங்கயோ ஆலை மூடிட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. நம்ம பங்குலயும் ஒரு குடும்பம் இல்லாமலா போயிரும்னு எழுதிட்டேன். சாமிதான் ஒரு மனுஷனை மனசுல வச்சு எழுதச் சொன்னாரேன்னு ‘ஒரு குடும்பம்’னு போட்டேன். அதுக்கு முந்தின வாரம் ‘ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு சகோதரி’ன்னு போட்டேன். மூணு பேர் வந்து நன்றி சொன்னாங்க!”

ஒருவரும் சிரிக்கவில்லை. “கோயில் சம்பளம் வாங்குறவர் வேற என்ன சொல்வாரு?” என்றது ஒரு குரல். “சாமியைக் காப்பாத்துறாரு.” தையலக்கா கையை ஆட்டினார்: “ஜெபம் பண்ணினா தானா வரும்னு பெருமையடிச்சவர்தானே நீங்க! இப்ப பேப்பரா?”

நர்ஸம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். விரிசலாரை ஒரு பார்வை பார்த்தார். உடனே கண்ணை எடுத்து எங்கோ கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார். அது விரிசலாருக்கு நன்றாகப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஷிஃப்ட் மாறிய மனிதராகவே வீட்டுக்குப் போகலாம். சாமியாருக்கு மட்டும் வாய் இல்லை. தான் சொன்ன ஒரு வாக்கியம், பேசக் கூடாத மனிதரின் கழுத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

“தையலக்கா” என்றார் விரிசலார். “அது உங்க வீடு இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, நீங்கதானே எங்க வீட்டுக்கு வந்து மூடி தூக்கிப் பாத்தவர்! இப்பத்தான் புரியுது. நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களா?”

“நான் போட்டுக் குடுக்கல. அது என் வீடுன்னு நினைச்சுட்டேன்.”

அவர் மனைவி எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“எனக்கு வேலை போயிருச்சு. கம்பெனியில மெஷின் வந்துருச்சு. ஷிஃப்ட் மாத்தினதுன்னு சொன்னதெல்லாம் பொய். நானும் சாமிகிட்ட பெட்டியிலதான் சொன்னேன். மன்றாட்டுல வந்ததும் சாமிதான் சொல்லிட்டாருன்னு முடிவு கட்டிட்டேன். பெட்டியை நம்பாதீங்கன்னு ஊருக்குள்ள கிளப்பி விட்டவன் நான்தான்.”

“அப்ப ரெண்டு பேர் சொன்னதும் வெளிய வந்துருச்சா?” என்றார் தையலக்கா. கோபம் தணியவில்லை, இரட்டிப்பாகப் பார்த்தது. விரிசலாருக்குப் பகீரென்றது. உண்மையைச் சொல்லிச் சாமியாரை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டோமோ!

அப்போது பின்னாலிருந்து, வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர் ஒருவர் கையைத் தூக்கினார், வகுப்பில் பையன் தூக்குவது போல. “அது என் வீடுன்னுல்ல நான் நினைச்சேன்! மழை பிடிச்சதுலருந்து ஒரு சுவர்கூடக் கிடைக்கல. என் மச்சான்தான் சொல்லிட்டான்னு அவன்கூடப் பேசுறதையே விட்டுட்டேன்.”

“நீ எப்பப்பா பாவசங்கீர்த்தனம் பண்ணினே?” என்றார் நர்ஸம்மா.

“எங்க பண்ணினேன்! மகன் பிறந்தப்போ பண்ணினது. இப்ப அவனுக்கு மீசை முளைச்சிருச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பிறகு அடக்க முடியவில்லை. பெட்டிப் பக்கமே போகாதவனும் தன் வீடு என்று நினைத்திருக்கிறான் என்றால் பெட்டியின்மேல் பழி எப்படி நிற்கும்? தையலக்கா மட்டும் சிரிக்கவில்லை. சாமியாரைப் பார்த்து, “மன்னிச்சுக்கங்க சாமி” என்றார், கோபத்திலேயே. பிறகு விரிசலார் பக்கம் திரும்பினார்.

“நீங்க பாத்தீங்களே அரிசி, அதுக்கடியில ஒரு பெரிய கிண்ணத்தைக் கவுத்து வச்சிருந்தேன். மேல ரெண்டு படி அரிசி. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சுதான் வச்சேன்.”

“ஏம்மா?”

“ஏனா? உங்க வீட்டுல வந்து யாராவது மூடியைத் தூக்கட்டும், அப்ப தெரியும் ஏன்னு.”

இத்தனை வருஷம் பார்த்த அவருடைய கண், இல்லாதவர் இருப்பதாகக் காட்டலாம் என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சாமியார் எதையும் விளக்கவில்லை. இப்போதும் அவரால் முடியாது. “சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல உக்காந்திருப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

அந்த வாரம் குழு விரிசலார் வீட்டுக்கு வந்தது. நர்ஸம்மாவோடு உபதேசியார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். விரிசலாரே எழுந்து, “உள்ள வந்து பாருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார். நிறையவே நினைத்துக்கொண்டுதான் சொன்னார். உபதேசியார் எழப் போனார். நர்ஸம்மா அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். “என்ன வேணும்னு வாயால சொல்லுங்கண்ணே. எழுதிக்கிறோம்.” வாயால் சொல்வது மூடியைத் தூக்கிக் காட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மனைவிதான் சொன்னாள். தையலக்கா வீட்டுக்கும் பெயின்டர் வீட்டுக்கும் ஏற்கெனவே போய்விட்டு வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. கோயிலில் அங்கங்கே ஆட்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடைய கண்ணும் ஜெபமாலையில் இல்லை. யார் முதலில் போவார் என்று பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது வேறு, போய் முட்டி போடுவது வேறு. ஒரு தடவை கிளம்பிய சந்தேகம் சிரித்தவுடன் செத்துவிடுமா? விரிசலாருக்கே அது முழுதாகச் சாகவில்லை. உபதேசியார் சொன்னது உண்மைதானா, அந்தக் கை தோளில் ஏன் அவ்வளவு நேரம் இருந்தது என்று எங்கோ ஒரு மூலையில் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அரித்தாலும் போக வேண்டியவர் அவர்தான். கிளப்பியவர் அவர்.

எழுந்து, எல்லோரும் பார்க்க, பெட்டியின் முன்னால் போய் நின்றார். உள்ளே ஏற்கெனவே விளக்கு எரிந்தது. நின்றபடி, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தார். புறம் பேசியது, பொய் சொன்னது, சாமியாரின் பெயரைக் கெடுத்தது. பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது. திரும்பினார்.

தையலக்கா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னும் சமாதானமாகாத முகத்தோடு.

“என்ன பாக்குறீங்க? போங்க உள்ள” என்றார். “மெதுவாப் பேசுங்க. உங்க பாவமெல்லாம் என் காதுல விழுந்து, அப்புறம் நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்னு வந்து நிக்கப் போறீங்க.”

“அப்ப நாலு அடி தள்ளி நில்லுங்களேன்.”

“தள்ளி நின்னா வரிசையில என் இடம் போயிரும்” என்றார் தையலக்கா. பிறகு இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

விரிசலார் திரையை விலக்கினார்.